அழகரைப் பார்க்கப் போய் நனைந்த போன்கள்

எங்கள் தொழிலில் தண்ணீர் பட்ட போன்களுக்கு வருஷத்தில் இரண்டு சீசன். ஒன்று ஐப்பசி, கார்த்திகை மழை. இன்னொன்று சித்ரா பௌர்ணமி. மதுரை கோரிப்பாளையத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவனுக்கு இரண்டாவதுதான் பெரிது.

அன்றைக்குக் கள்ளழகர் வைகையில் இறங்குவதைப் பார்க்க லட்சக்கணக்கில் ஜனம் ஆற்றங்கரையில் நிற்கும். கருப்பசாமி வேடம் கட்டிய பக்தர்கள் ஆட்டுத்தோல் பையில் தண்ணீரை நிரப்பி, துருத்தி வைத்துப் பீய்ச்சுவார்கள். சிலர் பன்னீரும் கலந்திருப்பார்கள். சித்திரை வெயிலில் முகத்தில் அந்தத் தண்ணீர் விழுவது சுகம்தான். ஆனால் இப்போதெல்லாம் அங்கே நிற்கிறவர்களில் பெரும்பாலோர் கையைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். போதாததற்கு வழியெல்லாம் பானகம், நீர்மோர். கொரோனாவால் அழகர் வைகையில் இறங்காத 2020, 2021 தவிர, எல்லா வருஷமும் மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே நாலைந்து பேர் கையில் போனோடு நிற்பார்கள்.

போனை வாங்கி மேசையில் வைத்ததும் நான் முதலில் கேட்பது, "நனைஞ்சதுக்கு அப்புறம் என்ன செஞ்சீங்க?" அந்தப் பதிலிலேயே போன் பிழைக்குமா என்று பாதி தெரிந்துவிடும். உள்ளே எவ்வளவு தண்ணீர் போனது என்பதைவிட, அதற்குப் பிறகு வீட்டில் நடந்த வைத்தியம்தான் பல போன்களை முடித்து வைக்கிறது. சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவனுக்குத் தெரியும்.

பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். "ஆன் ஆகுதான்னு பார்த்தேன்ணே. ஆச்சு. கொஞ்ச நேரத்துல ஆஃப் ஆயிருச்சு. சார்ஜ் இல்லையோன்னு சார்ஜ்ல போட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் காரியம் கெட்டுப்போகிறது. சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. அதில் கரைந்திருக்கும் உப்புதான் கடத்தும். மதுரையில் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று குளியலறை வாளியின் ஓரத்தில் படிந்திருக்கும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். வைகையில் ஓடுவதில் சாக்கடையும் சேர்த்தி. போன் போர்டில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இரண்டு இணைப்புகள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்றில் வோல்டேஜ் இருக்கும், மற்றதில் இருக்காது. நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் ஒரு பக்கத்து உலோகம் கரைந்து மறு பக்கத்தை நோக்கி நகர ஆரம்பிக்கும். பள்ளிக்கூடத்தில் மின்முலாம் பூசுவது பற்றிப் படித்தோமே, அதே வேலைதான். கடைசியில் பச்சையாகக் களிம்பு பிடித்து, முள் முள்ளாக வளர்ந்து, இரண்டையும் தொடவைத்துவிடும். அதோடு ஷார்ட். போர்டில் மின்சாரம் இல்லை என்றால் இது மெதுவாகத்தான் நடக்கும். பேட்டரி ஓடிக்கொண்டிருந்தால் வேகம் பிடிக்கும். சார்ஜரையும் சொருகிவிட்டால் ஈரமாக இருக்கும் முனையில் நேராக 5 வோல்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பழைய பட்டன் போனில் பின்மூடியைத் தட்டி, பேட்டரியை உருவிப் போட்டால் முக்கால் வேலை முடிந்துவிடும். அந்தக் காலத்தில் கண்மாயில் விழுந்த போனைக்கூட உயிரோடு திருப்பித் தந்திருக்கிறோம். இப்போது பேட்டரியை உள்ளே வைத்து, மேலே கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். நம் கையில் இருப்பது ஸ்விட்ச் ஆஃப் ஒன்றுதான். அதனால் நனைந்ததும் உடனே ஆஃப் செய்யுங்கள். மறுபடி ஆன் செய்து பார்க்க வேண்டாம். "வாட்ஸ்அப் மட்டும் பார்த்துட்டு ஆஃப் பண்றேன்" என்பதும் வேண்டாம். டச் வேலை செய்யாமல் திரை தானாக அங்கிட்டும் இங்கிட்டும் துள்ளிக்கொண்டிருந்தால் ஆஃப் செய்யவும் வழி இருக்காது. பவர் பட்டனை எவ்வளவு நேரம் அமுக்கினாலும் பல போன்கள் ரீஸ்டார்ட்தான் ஆகும். அந்த நிலைமையில் வீட்டில் உட்கார்ந்து யோசிக்காமல் பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு சர்வீஸ் கடைக்குப் போய், "பேட்டரி கனெக்டரை மட்டும் முதல்ல கழட்டிவிடுங்க" என்று கேளுங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அடுத்தது அரிசி. செல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா எவர்சில்வர் சம்படத்தோடு கடைக்கு வந்தார். "உள்ளதான் இருக்கு தம்பி. நான் இன்னும் எடுக்கவே இல்ல" என்றார். மூடியைத் திறந்தால் பொன்னி அரிசி, நடுவில் போன். மூன்று நாளாக அப்படியே வைத்திருக்கிறார். எவ்வளவு கட்டுப்பாடு பாருங்கள். அதே கட்டுப்பாட்டோடு அன்றைக்கே கடைக்கு வந்திருந்தால் அந்தப் போன் பிழைத்திருக்கும். அரிசி தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், அம்புட்டுத்தான். பசை போட்டு ஒட்டிய பெட்டிக்குள், போர்டில் இருக்கும் ஐ.சி.க்கு, அதாவது சிப்புக்கு, அடியில் போய் ஒட்டிக்கொண்ட தண்ணீரை வெளியே இழுக்க அதனால் முடியாது. அப்படியே தண்ணீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயேதான் இருக்கும். இதில் அரிசி மாவு சார்ஜிங் துளைக்குள் போய் ஈரத்தோடு சேர்ந்து பசையாகிவிடும். குருணை ஒன்று உள்ளே சிக்கி, அதன் மேல் சார்ஜரை அழுத்தியதில் நடு நாக்கே உடைந்து வந்த போன்களும் உண்டு. ஆப்பிள் நிறுவனமே 2024-இல் ஐபோனை அரிசிப் பையில் போடாதீர்கள், அரிசியின் சிறு துகள்கள் போனைக் கெடுத்துவிடும் என்று தன் உதவிப் பக்கத்தில் எழுதியது. அதைக் காட்டினால்கூட, "எங்க அண்ணன் போன் சரியாச்சே" என்பார்கள். சரியானது அரிசியாலா, அந்த ரெண்டு நாள் போனை ஆஃப் செய்து சும்மா வைத்திருந்ததாலா? இரண்டாவதாகத்தான் இருக்க வேண்டும்.

வெயிலில் வைக்கிறவர்கள் இன்னொரு ரகம். மதுரையில் சித்திரை மாதம் மொட்டை மாடித் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அங்கே கொண்டுபோய் வத்தல் காயப்போடுவது போலப் போனைக் கவிழ்த்து வைத்தால் தண்ணீர் காய்வதற்கு முன்னால் பேட்டரி வீங்கும். ஐபோனைப் பயன்படுத்தச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் சொல்கிறது. நம் ஊரில் மே மாதம் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். முடி உலர்த்தும் டிரையரும் இப்படித்தான். சூடு பட்டால் ஓரத்துப் பசை இளகும், டிஸ்ப்ளேயில் கறை விழும். போதாக்குறைக்கு, காற்று அடிக்கிற வேகத்தில் ஓரத்தில் நின்ற தண்ணீர் உள்ளே போய்விடும். துளைக்குள் பஞ்சு, டிஷ்யூ பேப்பர் விட்டுத் துடைப்பதும் வேண்டாம். அந்த நார் உள்ளேயே தங்கிவிடும்.

சரி, என்னதான் செய்வது? கவரைக் கழட்டுங்கள். துணியால் வெளிப்பக்கம் துடையுங்கள். சிம் டிரேயை வெளியே எடுங்கள். சார்ஜிங் துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். உதறக் கூடாது, உதறினால் ஒரு மூலையில் நிற்கிற தண்ணீர் போர்டு முழுக்கப் பரவும். அப்புறம் நிழலில், ஃபேன் காற்று படுகிற இடத்தில், சாய்த்து நிறுத்தி வையுங்கள். வெறும் சாரல் பட்டது, போனும் புதியது, திரையும் பின்பக்கமும் விரிசல் இல்லாதது என்றால் பெரும்பாலும் இது போதும். ஒரு முழு நாள் விட்டுச் சார்ஜ் போடலாம். சார்ஜ் போடும்போது ஈரம் இருக்கிறது என்று எச்சரிக்கை வந்தால், சாம்சங்கில் தண்ணீர்த் துளிப் படம் காட்டும், அதை மீறிப் போடாதீர்கள். வாயால் துளையை ஊதுவதற்குப் பதில் காத்திருங்கள். பின்பக்கம் வைத்துச் சார்ஜ் ஏற்றும் வசதி உள்ள போன் என்றால், பின்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு அப்படி ஏற்றலாம்.

வாளியில், தொட்டியில், ஆற்றில் முழுக்க விழுந்தது என்றால் கதை வேறு. அதுவும் பழைய போனாக இருந்தால் அன்றைக்கே பிரித்துப் பார்த்தாக வேண்டும். "நாளைக்குக் காயட்டும், சரியாகலைன்னா கொண்டு வர்றேன்" என்று போனிலேயே என்னிடம் சொல்கிறவர்கள் உண்டு. களிம்பு நாளை வரை காத்திருக்காது. மறுநாள் காலையில் திறந்தால் போர்டை மூடியிருக்கும் தகர ஷீல்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பீக்கரில் போன தண்ணீரை வெளியே தள்ளுவதற்கு ஒரு மாதிரி உறுமல் சத்தம் போடும் வீடியோக்கள் இருக்கின்றன. மழைச் சாரலில் நனைந்து சத்தம் அடைத்துப்போன நல்ல போனுக்கு அது உதவும், நானே போட்டுக் காட்டியிருக்கிறேன். ஆனால் ஸ்பீக்கர் வலையில் நிற்கும் தண்ணீருக்கு மட்டும்தான் அது. முழுசாக முங்கி எழுந்த போனை அந்தச் சத்தத்துக்காக ஆன் செய்வது வேண்டாத வேலை.

தண்ணீராவது பரவாயில்லை. பானகம், டீ, இளநீர் இதெல்லாம்தான் எங்களுக்குத் தலைவலி. எல்லாவற்றையும்விட மோசம் ஜிகர்தண்டா. பால், சர்க்கரை, நன்னாரி, கடல்பாசி எல்லாம் சேர்ந்து பட்டனுக்குள் போனால் இரண்டு நாளில் பட்டன் அமுங்கவே செய்யாது. வெல்லமும் சர்க்கரையும் காய்ந்தாலும் போகாது; காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுவென்று அங்கேயே கிடக்கும். தண்ணீர்த் தடுப்பு உள்ள நல்ல நிலைமைப் போனில் இப்படி ஏதாவது கொட்டிவிட்டால், சாதாரண நல்ல தண்ணீரில் மெதுவாக அலசித் துடைப்பதுதான் சரி. கேட்கவே விசித்திரமாக இருக்கும். வாடிக்கையாளர் ஒருவரிடம் சொன்னபோது நான் வியாபாரத்துக்கு ஆள் பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். தடுப்பு இல்லாத போனுக்கும், விரிசல் விட்ட போனுக்கும் இந்த அலசல் கூடாது. அவற்றை நேராகக் கடைக்குக் கொண்டு வந்துவிட வேண்டும்.

தடுப்பு என்றதும் எல்லோரும் சொல்வது, "ஐ.பி. 68ண்ணே, தண்ணிக்குள்ளயே போட்டோ எடுக்கலாம்." இந்த எண்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம். 68 என்றால் அதைவிட ஆழம். எவ்வளவு என்பதைக் கம்பெனி சொல்லும். நடுத்தர விலைப் போன்களில் வரும் 53, 54, 64 எல்லாம் சாரலுக்கும் தெறிப்புக்கும்தான், முங்குவதற்கு இல்லை. சோதனை நடப்பது ஆய்வகத்தில், அசையாமல் நிற்கும் நல்ல தண்ணீரில், புத்தம் புதுப் போனில். துருத்தியிலிருந்து பாய்ந்து வரும் தண்ணீர் அந்தக் கணக்கில் வராது. பீய்ச்சும் தண்ணீருக்கு 5, 6 என்று தனிச் சோதனை இருக்கிறது. 68 வாங்கிய போன் அதிலும் தேறியிருக்கும் என்று வைத்துக்கொள்ள முடியாது. இப்போது சில போன்களில் 69 என்றும் போடுகிறார்கள். அது சூடான தண்ணீரை அதிக அழுத்தத்தில் அடித்துப் பார்க்கும் சோதனை. எந்த எண்ணாக இருந்தாலும் அது பசையின் பலம்தான். இரண்டு மூன்று வருஷம் வெயிலிலும் கீழே விழுந்தும் பழகிய பசைக்கு அந்தப் பலம் இருக்காது. ஒரு தடவை டிஸ்ப்ளே மாற்றியிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். நான் மாற்றிக் கொடுக்கும் போனுக்கும் இதையேதான் சொல்லி அனுப்புகிறேன். எண் எதுவாக இருந்தாலும் உள்ளே தண்ணீர் போனால் வாரண்டி கிடையாது என்று பெரும்பாலான கம்பெனிகள் எழுதியே வைத்திருக்கின்றன.

ஒரே நாளில் நனைந்த போன்களைப் பற்றியே பேசுகிறேன். மெதுவாக நனையும் போன்களும் இருக்கின்றன. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை வியாபாரம் செய்யும் ஒரு அண்ணன் எனக்கு நெடுநாள் வாடிக்கை. அவர் போன் ஒரு தடவைகூடத் தண்ணீரில் விழுந்ததில்லை. ஆனால் விடிவதற்கு முன்பிருந்தே ஈரச் சாக்கு, ஈரக் கை, தண்ணீர் தெளித்த பூக்குவியல். போன் சட்டைப் பையில், சட்டையோ வியர்வையில் ஊறிக் கிடக்கும். விலை கேட்டு மணிக்கு முப்பது அழைப்பு வரும், எல்லாம் ஈரக் கையால்தான் எடுப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை "சார்ஜ் ஏற மாட்டேங்குது" என்று வருவார். துளைக்குள் பார்த்தால் பின்கள் கறுத்திருக்கும். வியர்வையிலும் உப்புதானே இருக்கிறது. அவருக்கு நான் சொன்ன வழி ரொம்பச் சாதாரணம். ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறை, அதன் மேலேயே டச் வேலை செய்யும். வீட்டுக்குப் போனதும் உறையை விட்டு எடுத்துக் கொஞ்ச நேரம் காற்றாட வைத்துவிட்டு அப்புறம் சார்ஜ். இப்போது வருவது குறைந்துவிட்டது. என் வருமானத்தில் அது ஒரு நஷ்டம்! இதே உறையை அழகர் பார்க்கப் போகிறவர்களும் மாட்டிக்கொள்ளலாம். வண்டியில் வேலை பார்க்கிறவர்கள் ஏற்கெனவே மாட்டியிருக்கிறார்கள். ஆனால் நாள் முழுக்கக் கட்டியே வைத்தால் உறைக்குள் வியர்க்கும். போனும் சூடாகும். இடையிடையே திறந்துவிட வேண்டும்.

கடையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, ஏமாறாமல் இருக்கலாம். முதலில் பேட்டரி இணைப்பைக் கழட்டுவோம். போர்டை வெளியே எடுத்து, மேலே மூடியிருக்கும் தகர ஷீல்டுகளைப் பிரிப்போம். பிறகு ஐ.பி.ஏ., அதாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதில் மென்மையான பிரஷ் வைத்துக் கழுவுவோம். நனைந்த போனை மறுபடி நனைக்கிறானே என்று பார்க்கிறவர்கள் பதறுவார்கள். அது தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு சீக்கிரம் ஆவியாகிவிடும். ஐ.சி.க்கு அடியில் இருப்பதை எடுக்க அல்ட்ராசோனிக் தொட்டி வைத்திருப்பவர்கள் அதில் போடுவார்கள். காய்ந்த பிறகு பேட்டரியை மாட்டாமல், தனிப் பவர் சப்ளையில் போர்டை இணைத்து மீட்டரைப் பார்ப்போம். பவர் பட்டனை அமுக்குவதற்கு முன்பே ஆம்பியர் ஏறினால் எங்கேயோ ஷார்ட். சூடாகும் இடத்தைத் தேடிப் பிடித்து, அந்தச் சின்னக் கெப்பாசிட்டரையோ ஐ.சி.யையோ மாற்ற வேண்டும். கழுவுவதோடு வேலை முடிந்தால் சில நூறு ரூபாய். டிஸ்ப்ளேக்குள் தண்ணீர் போயிருந்தால் ஆயிரக்கணக்கில் போகும். கழுவுவதற்குப் பெட்ரோலோ தின்னரோ எடுக்கிற கடையாக இருந்தால் போனைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக்கையும் கோட்டிங்கையும் அது அரித்துவிடும். கண் எதிரே பிரிக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. "நூறு சதவீதம் சரியாயிரும்" என்று வாக்குக் கொடுக்கிறவரைவிட, "கேரண்டி கிடையாது, முயற்சி பண்றேன்" என்கிறவரிடம் கொடுக்கலாம். தண்ணீர் பட்ட போன் இன்றைக்கு நன்றாக ஓடி, அடுத்த மாதம் சொல்லாமல் படுத்துவிடக்கூடும். அதற்கு யாரும் பொறுப்பெடுக்க முடியாது.

அதனால்தான் உயிர் வந்ததும் முதல் வேலை உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்களை நான் கடையிலேயே உட்காரவைத்து எடுக்கச் சொல்வேன். மகளிர் சுயஉதவிக் குழுவின் பொறுப்பில் இருந்த ஒருவர், வரவு செலவு நோட்டின் பக்கங்களைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். நோட்டும் போனும் ஒரே பையில் இருந்திருக்கின்றன. மழை இரண்டையும் சேர்த்து நனைத்துவிட்டது. "போன் போனாப் போகுதுண்ணே, அந்தப் போட்டோ மட்டும் வேணும்" என்றார். முன்பெல்லாம் மெமரி ஐ.சி.யைத் தனியாகக் கழட்டிப் படிக்க வழி இருந்தது. இப்போது வருகிற போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டு போட்டு மறைக்கப்பட்டிருக்கிறது. சாவி அந்தப் போர்டில் இருக்கும் பிராசஸரோடு சேர்ந்தது. மெமரியை மட்டும் எடுத்தால் ஒன்றும் தெரியாது. போர்டே பிழைத்து, போன் ஆன் ஆகி, லாக் எண்ணும் போட்டால்தான் படம் கிடைக்கும். அவர் போன் பிழைத்தது. டிஸ்ப்ளே வரவில்லை, இன்னொரு டிஸ்ப்ளேயைத் தற்காலிகமாக மாட்டி எடுத்துக்கொடுத்தோம். புது டிஸ்ப்ளேக்குக் காசு செலவழிக்காமல் பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு போன் வாங்கினார். சரியான முடிவுதான்.

"கூகுள்ல தானா ஏறிக்கிட்டு இருக்கும்ல?" என்று கேட்பார்கள். ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கும், இடம் இருக்கும்வரை. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாம் சேர்ந்து இலவசமாக 15 ஜி.பி.தான். 2021 ஜூனிலிருந்து போட்டோக்களும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பையும் 2024-இல் அதே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். குட் மார்னிங் வீடியோக்களால் நிரம்பிய போனில் பேக்கப் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. இந்த வரியைப் படித்ததும் ஒருமுறை திறந்து, கடைசி பேக்கப் தேதியைப் பாருங்கள்.

போன் போனால் சிம்மும் போச்சு என்று சிலர் உடனே டூப்ளிகேட் சிம் வாங்க ஓடுகிறார்கள். சிம் கார்டு தண்ணீரில் சாகாது. துடைத்து, காயவைத்து, வேறு ஏதாவது போனில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வேலை செய்யும். டூப்ளிகேட் சிம் வாங்கினால் அது ஆக்டிவேட் ஆனதிலிருந்து 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது, போகாது. மோசடியைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. வங்கி ஓ.டி.பி. வராமல் தவித்துப்போவீர்கள். சிம்மை வேறு போனில் போட்டு ஜி.பே., போன்பே மறுபடி பதிவு செய்தாலும் முதல் நாளில் பெரும்பாலும் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடாது. வீட்டில் கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ இருக்கிற சமயத்தில் இது பெரிய இடைஞ்சல். கையில் கொஞ்சம் ரொக்கமோ ஏ.டி.எம். கார்டோ இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் என் மாதிரிக் கடைக்கு வருவதற்கு முன்னால் அவர்களைக் கூப்பிடுங்கள். நாங்கள் பிரித்துவிட்டால் அவர்கள் கைவிரித்துவிடுவார்கள். வெறும் திரைப் பாதுகாப்புத் திட்டம் என்றால் தண்ணீருக்குச் செல்லாது, காகிதத்தைப் படித்துப் பாருங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் "தண்ணியே படல சார்" என்று சாதிப்பதில் பிரயோஜனம் இல்லை. பல போன்களுக்குள் சின்னதாக ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டியிருக்கும். தண்ணீர் தொட்டால் சிவப்பாகும். ஐபோன்களில் சிம் டிரேயை எடுத்துவிட்டு டார்ச் அடித்தால் வெளியிலிருந்தே தெரியும். அவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அந்தப் பட்டை பழைய போன் வாங்குகிறவர்களுக்கும் உதவும். சித்திரையும் ஐப்பசியும் கழிந்த மாதங்களில் செகண்ட் ஹேண்டில் விலை குறைவாக, பளபளவென்று துடைத்து வைத்த போன்கள் நிறைய வரும். டவுன்ஹால் ரோட்டில் வாங்கினாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கினாலும் சரி, சிம் டிரேயை எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். கேமரா கண்ணாடிக்கு உள்ளே பனி படர்ந்த மாதிரி மங்கல் இருக்கிறதா, வெள்ளைத் திரையில் ஓரமாகக் கறை தெரிகிறதா என்று கவனியுங்கள். ஒரு அழைப்பு போட்டு, காதில் வைத்தும் ஸ்பீக்கரில் போட்டும் பேசுங்கள். சார்ஜரைச் சொருகி, சதவீதம் ஏறுகிறதா என்று பத்து நிமிஷம் அங்கேயே நில்லுங்கள். பின்பக்கம் கொஞ்சம் எழும்பியிருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட போனுக்கு விலையே கேட்க வேண்டாம்.